மஞ்சள் முக்கோணம்: விண்டோஸ் எச்சரிக்கைகள் யாருக்காக எழுதப்படுகின்றன?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். புதுசாத் திறந்த பிரியாணிக் கடைக்குக்கூட முதல் நாளே நாலு பேர் விமர்சனம் எழுதிவிடுகிறார்கள். ஆனால் நாள் முழுக்க நம் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் நமக்கு எழுதும் வாசகங்களை யாரும் உட்கார்ந்து விமர்சித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அவையும் எழுத்துதான். ஏதோ ஒரு ஆபீஸில் ஒரு புரோகிராமர் யோசித்து, வாக்கியம் அமைத்து, முற்றுப்புள்ளி வைத்து எழுதியவை. அதைப் படித்துவிட்டு ஜனங்கள் பயப்படுகிறார்கள், பணம் செலவழிக்கிறார்கள், சில சமயம் நல்லா ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கெடுத்தும் விடுகிறார்கள்.

இந்தக் குறிப்பில் அப்படி ஒரு எழுத்து வகையை எடுத்துக்கொள்கிறேன்: விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வரும் வார்னிங் செய்திகள். இவற்றை எப்படிச் சரிசெய்வது என்று காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. என் கேள்வி அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. இந்தச் செய்திகள் 'எச்சரிக்கை' என்ற பெயருக்குத் தகுதியானவையா? 

நீங்களே பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, இடது பக்கம் கஸ்டம் வியூஸ், அதற்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஈவென்ட்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். வாங்கி ஒரு வாரம் ஆன லேப்டாப்பிலும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டியல் விரியும். பதற வேண்டாம். கிரிட்டிக்கல், எரர், வார்னிங் மூன்றையும் மட்டும் வடிகட்டிக் காட்டுவதற்காகவே அமைந்த பார்வை அது. 'எல்லாம் ஒழுங்கா நடந்தது' என்று சொல்லும் இன்ஃபர்மேஷன் வரிகளை அது ஒளித்துவிடும். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் எப்.ஐ.ஆர்.களை மட்டும் படித்துவிட்டு ஒரு ஊரைப் பற்றி முடிவு கட்டுவது மாதிரிதான் இது.

ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தம்

ஈவென்ட் லாக் 1993-ல் விண்டோஸ் என்.டி. 3.1-உடன் வந்தது. அதன் வடிவமைப்பில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. லாக் கோப்பில் முழு வாக்கியம் எழுதப்படுவதில்லை. ஈவென்ட் எண், எந்த சோர்ஸ், எந்த நேரம், அப்புறம் வாக்கியத்தின் நடுவில் போட வேண்டிய சில பெயர்களும் எண்களும், அவ்வளவுதான். வாக்கியம் வேறொரு டி.எல்.எல். கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். நாம் திறந்து பார்க்கும்போது இரண்டும் சேரும். பள்ளிக்கூடத்தில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று வருமே, அதேதான்.

எஞ்சினியரிங்காகப் பார்த்தால் இது புத்திசாலித்தனம். இடம் மிச்சம், வேறு மொழிக்கு மாற்றுவதும் சுலபம். எழுத்தாகப் பார்த்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. வாக்கியம், சம்பவம் நடப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே எழுதி வைக்கப்பட்டது. எழுதியவருக்கு உங்கள் மெஷின் தெரியாது, உங்கள் வேலை தெரியாது, அந்த நிமிஷம் என்ன நடந்தது என்பதும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் புரோகிராமின் எந்த வரியில் தடுக்கியது என்பது மட்டும்.

சரி, வார்னிங் என்றால் என்ன? மைக்ரோசாப்டின் டெவலப்பர் ஆவணம் இதற்கு இரண்டு விதமாக விளக்கம் தருகிறது. முதலாவது: இப்போதைக்குப் பெரிய விஷயம் என்று சொல்ல முடியாது, ஆனால் பின்னால் பிரச்சினை வரலாம் என்பதைக் காட்டும் நிகழ்வு. இதற்கு உதாரணமாக டிஸ்கில் இடம் குறைந்துவருவதைச் சொல்கிறார்கள். இரண்டாவது: ஏதோ தவறு நடந்தாலும், செயல்பாட்டையோ டேட்டாவையோ இழக்காமல் புரோகிராம் மீண்டுவிட்டால் அதைப் பொதுவாக வார்னிங் என்று வகைப்படுத்தலாம்.

மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கவனித்துப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன. முதலாவது வரப்போவதைப் பற்றிச் சொல்கிறது: 'விழப்போகிறது, பார்த்துக்கோ.' இரண்டாவது நடந்து முடிந்ததைப் பற்றிச் சொல்கிறது: 'தடுக்கிச்சு, ஆனா சமாளிச்சிட்டேன்.' முதலாவதைக் கேட்டால் நாம் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் 'சரி, சந்தோஷம்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டுக்கும் அதே மஞ்சள் முக்கோணம், உள்ளே அதே ஆச்சரியக்குறி. என் குற்றச்சாட்டின் சாரம் இதுதான். வகைக்கு ஒன்றாக எடுத்துப் பார்ப்போம்.

10016: சமாளிச்சிட்டேன் வகை

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் சிஸ்டம் லாகைத் திறந்தால் இதைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம். சோர்ஸ் டிஸ்ட்ரிபியூட்டட்-காம், எண் 10016. விண்டோஸ் 10-ன் தொடக்கத்தில் இது எரர் என்றே வந்துகொண்டிருந்தது. பிற்பாடு வார்னிங் ஆக இறக்கினார்கள். வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

அந்த வாசகத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். 'இந்த அப்ளிகேஷனுக்கான பெர்மிஷன் அமைப்புகள், இன்ன சி.எல்.எஸ். ஐ.டி., இன்ன ஆப் ஐ.டி. கொண்ட காம் சர்வரை, இந்தக் கணினியிலேயே இயக்குவதற்கான அனுமதியை, இன்ன பயனருக்கு, இன்ன முகவரியிலிருந்து, இன்ன கன்டெய்னரில் ஓடும் நிலையில், வழங்கவில்லை.' நடுவில் இரண்டு அடையாள எண்கள் வரும். ஒவ்வொன்றும் 32 எழுத்து நீளம், அடைப்புக்குறிக்குள், கோடு கோடாகப் பிரித்து. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவருக்கும் இந்த வாக்கியத்திலிருந்து ஒன்றும் கிடைக்காது. எந்த புரோகிராம் கேட்டது? எதைக் கேட்டது? கிடைக்காததால் என் வேலையில் என்ன நின்றது? மூன்றுக்கும் பதில் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் புரியாத செய்தி என்று விட்டுவிடலாம். கடைசியில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: இந்தப் பாதுகாப்பு அனுமதியை காம்பொனன்ட் சர்வீசஸ் என்ற நிர்வாகக் கருவி மூலம் மாற்றலாம். முழுச் செய்தியிலும் சாதாரண மனுஷனுக்குப் புரியக்கூடிய ஒரே வாக்கியம் இது. படிப்பவர் என்ன எடுத்துக்கொள்வார்? 'ஓ, இங்கே போய் மாற்றினால் சரியாகிவிடும் போல' என்றுதானே?

அங்கே போனால் மாற்றும் பொத்தான்கள் பல சமயம் மங்கலாக, அழுத்த முடியாதபடி இருக்கும். ரிஜிஸ்ட்ரியில் அந்தச் சாவியின் உரிமையாளர் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற சிஸ்டம் கணக்கு. அதனிடமிருந்து உரிமையைப் பிடுங்கி, அட்மினிஸ்ட்ரேட்டருக்கு முழு அதிகாரம் கொடுத்து, திரும்பி வந்து அனுமதி சேர்த்து, ரீஸ்டார்ட் பண்ண வேண்டும். இணையத்தில் சுற்றும் 10016 வைத்தியங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே கஷாயம்தான் என்று தோன்றுகிறது.

இப்போது மைக்ரோசாப்ட் தன் சப்போர்ட் பக்கத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவர்களுடைய சில காம்பொனன்ட்கள் முதலில் ஒரு விதமாகக் கேட்டுப் பார்க்கும், கிடைக்கவில்லை என்றால் வேறு விதமாகக் கேட்கும். அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் முயற்சி சில சூழல்களில் பலிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதில்லை. முதல் முயற்சி தோற்கும்போது பதிவாவதே 10016. இது எதிர்பார்த்த நடத்தை, செயல்பாட்டைப் பாதிக்காது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், அதுவே பரிந்துரை. பெர்மிஷனை மாற்றி இந்தச் செய்தியை நிறுத்தவும் முடியும், ஆனால் வேறு பக்கவிளைவுகள் வரக்கூடும் என்பதால் அதைப் பரிந்துரைக்கவில்லை என்றும் அதே பக்கம் சொல்கிறது.

ஆக, செய்தி 'இங்கே போய் மாற்றலாம்' என்கிறது. செய்தியை அனுப்பிய நிறுவனம் 'மாற்றாதீர்கள்' என்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு எழுத்து தன்னையே காலை வாரிவிட முடியாது. கேட்டைத் தட்டினோம், திறக்கலை, பக்கத்துக் கதவு வழியா உள்ளே வந்துட்டோம். இதற்கு ஏன் வீட்டுக்காரரை எழுப்பணும்?

52: விழப்போகிறது வகை

இன்னொரு செய்தி. அதே சிஸ்டம் லாக், சோர்ஸ் டிஸ்க், எண் 52. வாசகம் இப்படிப் போகும்: இன்ன டிரைவ் தான் பழுதாகப்போவதாகக் கணித்திருப்பதை டிரைவர் கண்டறிந்துள்ளது. உடனடியாக உங்கள் டேட்டாவைப் பேக்கப் எடுத்து, ஹார்ட் டிஸ்கை மாற்றுங்கள். பழுது எந்நேரமும் நிகழலாம்.

அருமையான எழுத்து என்று சொல்வேன். ஹார்ட் டிஸ்க் தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்ற வசதி தரும் தகவலை எடுத்து, என்ன ஆபத்து, யாருக்கு, என்ன செய்யணும், எவ்வளவு அவசரம் என்று நாலே வரியில் சொல்லிவிடுகிறது. சி.எல்.எஸ். ஐ.டி. இல்லை, கன்டெய்னர் இல்லை. எச்சரிக்கை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மாதிரி இது.

இதன் தரவரிசை? வார்னிங். அதே மஞ்சள் முக்கோணம். பட்டியலில் 10016-க்கு மேலேயும் கீழேயும் மாட்டிக்கொண்டு, அதே சைஸில், அதே நிறத்தில்.

இதன் சொந்தக்காரர்கள் இன்னும் சிலர் உண்டு. எண் 153: இன்ன டிஸ்கில் இன்ன இடத்தில் படிக்க அல்லது எழுதப் போன வேலை மறுபடி செய்யப்பட்டது. அதாவது டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை, திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. எண் 51: பேஜிங் நடக்கும்போது டிஸ்கில் பிழை. எண் 129: டிஸ்க் கன்ட்ரோலரை ரீசெட் செய்தோம். ஹியா-லாகர் என்ற சோர்ஸில் வரும் 17: ஹார்டுவேர் பிழை ஒன்று நடந்தது, சரிசெய்யப்பட்டது. எல்லாமே வார்னிங். இவற்றில் ஒன்று எப்போதாவது ஒரு தடவை வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, லூசான கேபிளாகக்கூட இருக்கும். ஆனால் தினம் வந்தால், எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், மெஷின் நம்மிடம் ஏதோ சொல்ல முயல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று: கெர்னல்-பவர் 41. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி கிளம்பியிருக்கிறது என்று சொல்லும். இதன் தரவரிசை கிரிட்டிக்கல், இருப்பதிலேயே உச்சம். யூ.பி.எஸ். இல்லாத வீட்டில் கரன்ட் போய்விட்டு வந்தாலும் இது பதிவாகும். கரன்ட் போனது நமக்கு ஏற்கெனவே தெரியும், நாம் இருட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டு இருந்தோமே! கரன்ட் கட் கிரிட்டிக்கல், சாகப்போகிற டிஸ்க் வார்னிங், ஒன்றுமே நடக்காத டிகாம் விவகாரமும் வார்னிங். இந்த வரிசையில் படிப்பவரின் இடம் எங்கே இருக்கிறது?

ஏன் இப்படி எழுதுகிறார்கள்

இருபது வருஷத்துக்கு மேல் கோட் எழுதுகிறவன் என்ற முறையில் இதன் பின்னணி எனக்கு ஓரளவு புரியும். ஒரு பங்ஷன் எதிர்பார்த்த பதிலைத் தரவில்லை. இதை லாகில் போடணும். எந்த லெவலில் போடுவது? எரர் என்று போட்டால் டெஸ்டிங் டீம் பக் போடும், மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். இன்ஃபர்மேஷன் என்று போட்டால், நாளைக்கு நிஜமாகவே பிரச்சினை வந்தால் 'ஏன் சொல்லலை' என்பார்கள். வார்னிங் நடுவில் இருக்கிறது. யாரும் திட்ட மாட்டார்கள். முடிவெடுக்க முடியாத விஷயங்களை எல்லாம் போட்டு வைக்கும் பரண் மாதிரி ஆகிவிட்டது அது. பல வார்னிங்குகள் பயனருக்கான எச்சரிக்கையே இல்லை, எழுதியவர் எடுத்து வைத்துக்கொண்ட முன்ஜாமீன்.

விண்டோஸை மட்டும் சொல்வது நியாயமில்லை. லினக்ஸ் பூட் ஆகும்போது வரும் கெர்னல் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, நன்றாக ஓடும் லேப்டாப்பிலும் ஏ.சி.பி.ஐ. பற்றிய புலம்பல்கள் வரிசையாக வருவது தெரியும். யூனிக்ஸ் உலகின் சிஸ்லாகில் எமர்ஜென்சியில் தொடங்கி டீபக் வரை 8 படிகள். படிகள் கூடினால் தெளிவு கூடும் என்பதில்லை, எந்தப் படியில் வைப்பது என்ற குழப்பமும் சேர்ந்து கூடும். ஆப்பிள் 2016-ல் மேக் ஓ.எஸ். சியராவில் லாக் அமைப்பைப் புதுப்பித்தபோது டீபக், இன்ஃபோ, டிஃபால்ட், எரர், ஃபால்ட் என்று ஐந்து வகைகளை வைத்தது. வார்னிங் என்ற பெயரில் தனி வகை அதில் இல்லை. லாகில் இரைச்சல் அதனால் குறைந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பரண் இல்லாமலும் ஒரு வீடு கட்டலாம் என்பதற்கு இது உதாரணம்.

மைக்ரோசாப்ட் தரப்பில் ஒரு வாதம் வைக்கலாம்: 'ஈவென்ட் லாக் சாதாரணப் பயனருக்காக இல்லை, சப்போர்ட் எஞ்சினியருக்காக. டிகாம் சர்வர் எழுதும் டெவலப்பருக்கு 10016 ரொம்பவே உதவும்.' நியாயமான வாதம். ஆனால் இதற்குப் பதிலை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் ஈவென்ட் லாகைப் புதிதாகக் கட்டியபோது சேனல்களை அட்மின், ஆபரேஷனல், அனலிட்டிக், டீபக் என்று நாலு வகையாகப் பிரித்தார்கள். அட்மின் சேனல் என்பது பயனர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் சப்போர்ட் ஆட்களுக்குமானது. அதில் வரும் நிகழ்வு ஒரு பிரச்சினையையும், நிர்வாகி செய்யக்கூடிய தெளிவான தீர்வையும் காட்ட வேண்டும் என்று ஆவணம் சொல்கிறது. டெவலப்பருக்கான விஷயங்களுக்குத்தான் டீபக் சேனல்.

சிஸ்டம் லாக் எந்த வகை? அட்மின். 'கண்டுகொள்ளாதீர்கள்' என்பதே தீர்வாக இருக்கும் ஒரு செய்தி அங்கே உட்கார்ந்திருப்பது, அவர்கள் போட்ட விதியை அவர்களே மீறுவதுதான். நான் வெளியிலிருந்து ஒரு அளவுகோலைக் கொண்டுவந்து அளக்கவில்லை.

வேறு இடங்களில் எப்படி

விமானத்தைப் பாருங்கள். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் 25.1322 என்று ஒன்று உண்டு. விமானி அறையில் வரும் அறிவிப்புகளை மூன்றாகப் பிரிக்கிறது. வார்னிங் என்றால் விமானி உடனே கவனிக்க வேண்டும், உடனே செயல்படவும் வேண்டும். காஷன் என்றால் உடனே கவனிக்க வேண்டும், செயல் கொஞ்சம் பின்னால் இருக்கலாம். அட்வைசரி என்றால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் பிறகு செயல்படலாம். எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பதை வைத்து இந்தப் பிரிவினை இல்லை. படிக்கிற மனுஷன் என்ன செய்யணும், எப்போ செய்யணும் என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பொய் எச்சரிக்கைகளும் தொந்தரவு எச்சரிக்கைகளும் ஏற்படுத்தும் பாதிப்பைக் குறைக்கும்படி வடிவமைக்க வேண்டும் என்றும் அதே விதி கட்டாயமாக்குகிறது.

இரைச்சல் என்ன செய்யும் என்பதற்கு 1979 மார்ச் 28-ன் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தைச் சொல்வார்கள். முதல் சில நிமிஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. முக்கியமில்லாததை அடக்கி, முக்கியமானதை மட்டும் காட்ட வழி இல்லை. அலாரம் இல்லாமல் போனது அங்கே பிரச்சினை இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் கத்தியதுதான் பிரச்சினை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மதுரைப் பக்கம் வைகை அணைக்கு நீர்மட்டம் ஏறும்போது மூன்று கட்டமாக வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். அணையின் உயரம் 71 அடி. 66 அடியில் முதல் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். கரையோரம் இருப்பவருக்கு மதகு, ஷட்டர் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆற்றில் இறங்காதே, பாதுகாப்பான இடத்துக்குப் போ என்பது தெரிந்தால் போதும். தினமும் மூன்று வேளை அந்த அறிவிப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாலாவது நாளில் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

விலை கொடுப்பவர்கள்

புரியாத செய்தியால் யாருக்கு என்ன நஷ்டம், பார்க்காமல் விட்டுவிட்டால் போச்சு என்று கேட்கலாம். மூன்று நஷ்டங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, திருடர்களுக்கு இது ஒரு கருவி ஆகிவிட்டது. 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நாங்க டெக்னிகல் சப்போர்ட்ல இருந்து பேசறோம்' என்று போன் செய்யும் மோசடிக் கும்பல்கள், எதிர்முனையில் இருப்பவரை ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். மேலே சொன்ன அந்தச் சிவப்பு, மஞ்சள் பட்டியலைக் காட்டி 'பாருங்க, எத்தனை எரர்' என்பார்கள். அப்புறம் ரிமோட் அக்சஸ், அப்புறம் கிரெடிட் கார்டு. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் இப்படிப்பட்ட கும்பல்கள் மீது ஆறு வழக்குகள் தொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டிலிருந்து இயங்கியவை என்பது நமக்கு வெட்கம். அந்த மோசடிக்குத் தேவையான முக்கியமான பயமுறுத்தல் காட்சியைக் கும்பல் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் அது ரெடியாக இருந்தது.

இரண்டாவது, இடம். சிஸ்டம் லாகின் வழக்கமான அளவு வரம்பு 20 எம்.பி. நிரம்பினால் பழையதை அழித்துக்கொண்டு புதியது எழுதப்படும். தினம் வந்து குவியும் தேவையில்லாத வரிகள், மூன்று மாசம் முன்னால் வந்த ஒரு 153-ஐ வெளியே தள்ளிவிடும். சாட்சி சொல்ல வேண்டியவரை வாசலில் நிற்கும் கூட்டமே விரட்டிவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கவனம். எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மெஷின் அவ்வப்போது அரை நிமிஷம் உறைந்து நிற்கும். டாலியில் என்ட்ரி போடும்போது அப்படியே நின்று, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். சர்வீஸுக்கு வந்த பையன் பொறுப்பானவர்தான். ஈவென்ட் வியூவரைத் திறந்து, வரிசையாக நின்ற 10016-களைப் பார்த்து, செய்தியின் கடைசி வாக்கியம் காட்டிய வழியிலேயே போய், ரிஜிஸ்ட்ரியில் உரிமை மாற்றி, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அந்தச் செய்தியை வராமல் செய்துவிட்டார். உறைவது நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் டிஸ்கே கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவர் செல்போனில் எடுத்து வைத்திருந்த அந்த முதல் நாள் ஸ்க்ரீன் படத்தைப் பிறகு எனக்குக் காட்டினார். 10016-களுக்கு நடுவில் டிஸ்க் 153 நாலைந்து இடத்தில் தெளிவாக இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எண்ணிக்கையில் அதிகமாக இருந்ததை, 'இங்கே போய் மாற்றலாம்' என்று வழி சொன்னதை அவர் நம்பினார். நல்ல எழுத்து இருந்திருந்தால் அந்த மதியம் பேக்கப் எடுப்பதில் போயிருக்கும்.

சரி, எப்படிப் படிப்பது

விமர்சனத்தோடு நிறுத்தினால் படித்தவருக்குப் பிரயோஜனம் இல்லை. நான் கடைப்பிடிக்கும் முறை இது.

லாகிலிருந்து தொடங்கக் கூடாது, தொல்லையிலிருந்து தொடங்கணும். மெஷின் நன்றாக ஓடுகிறது என்றால் சும்மா ஈவென்ட் வியூவரைத் திறந்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தொல்லை இருந்தால் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நேத்து சாயங்காலம் 4:10-க்கு உறைஞ்சுது' என்ற ஒரு வரி போதும். அப்புறம் லாகில் அந்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னும் பின்னும் மட்டும் பாருங்கள். தொல்லை நடந்த ஒவ்வொரு தடவையும் கூடவே வரும் செய்திதான் சந்தேகத்துக்குரியது. தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும் செய்தி பின்னணி இரைச்சல்.

அடுத்து, எண்ணைவிட சோர்ஸ் முக்கியம். டிஸ்க், என்.டி.எப்.எஸ்., ஸ்டோர்-ஏ.எச்.சி.ஐ., ஹியா-லாகர் ஆகிய பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் மஞ்சளா சிவப்பா என்று பார்க்காதீர்கள். முதல் வேலை பேக்கப். பேக்கப் முடிந்த பிறகுதான் கேபிள், டிரைவர், டிஸ்க் என்று ஆராய்ச்சி எல்லாம். டி.என்.எஸ். கிளையன்ட் 1014 என்றால் ஒரு இணையப் பெயருக்கு டி.என்.எஸ். சர்வர் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். வைஃபை ஒரு நொடி விட்டுவிட்டு வந்தாலும் வரும். நெட் அடிக்கடி போகிறது என்றால் மட்டும் அதைப் பின்தொடரலாம்.

ஒரு செய்தி சொல்கிறது என்பதற்காக மட்டும் பெர்மிஷனையோ ரிஜிஸ்ட்ரியையோ மாற்றக் கூடாது. செய்தி வராமல் போவது வேறு, பிரச்சினை தீர்வது வேறு. 10016 கண்ணை உறுத்தினால் ஈவென்ட் வியூவரிலேயே ஃபில்டர் போட்டு அந்த எண்ணை மறைத்துவிடலாம், ஃபில்டர் கட்டத்தில் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். 'கிளியர் லாக்' பொத்தானை அழுத்தித் துடைத்துவிட்டால் பட்டியல் சுத்தமாகத் தெரியும், ஆனால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது: ரிலையபிலிட்டி மானிட்டர். விஸ்டா காலத்திலிருந்தே உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் வரும். நாள்வாரியாக ஒரு கட்டம் போட்டு, எந்த அப்ளிகேஷன் நொறுங்கியது, எந்த அப்டேட் ஏறியது, எப்போது விண்டோஸ் ஒழுங்காக நிற்காமல் போனது என்று காட்டி, 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணும் போடும். டிகாம் புலம்பல் எதுவும் அங்கே வராது. 'போன புதன்கிழமைக்கு அப்புறம்தான் இப்படி ஆகுது' என்று சொல்பவருக்குப் புதன்கிழமை என்ன நடந்தது என்று காட்டும். பயனர் அனுபவித்த விஷயங்களை வைத்துத் தொகுத்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கிறது என்பதற்கு இது சாட்சி. அதே நிறுவனம், அதே டேட்டா, படிப்பவரை மனசில் வைத்த தொகுப்பு.

அதனால்தான் இதைத் திறமைக் குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 52-ஐ எழுதத் தெரிந்தவர்கள், ரிலையபிலிட்டி மானிட்டரை வடிவமைக்கத் தெரிந்தவர்கள், 10016-ஐயும் திருத்தி எழுதலாம், இல்லை டீபக் சேனலுக்கு அனுப்பலாம். சப்போர்ட் பக்கத்தில் 'கண்டுகொள்ளாதீர்கள்' என்று விளக்கம் எழுதிய நேரத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்திருக்கலாம். கோட் எழுதும் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை லாகில் வார்னிங் என்று அடிக்கும்போது, இதைப் படிப்பவர் எழுந்து என்ன செய்யணும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரி வரவில்லை என்றால், அது வார்னிங் இல்லை.